பழைய ஹவுசிங்கை நம்பிக் கடலில் இறங்காதீர்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) ஸ்கூபா டைவிங் கோர்ஸ் முடிக்கக் கிளம்பும் முன், ஒரு கோப்ரோ, அதாவது கைக்கடக்கமான ஆக்‌ஷன் கேமரா, வாங்கலாம் என்றுதான் சென்னையில் அந்த செகண்ட் ஹேண்ட் கேமரா கடைக்குள் நுழைந்தேன். வெளியே வரும்போது கையில் லென்ஸ் மாற்றும் வகையில் ஒரு பழைய, பெரிய மிரர்லெஸ் கேமராவும், தண்ணீர் படாமல் அதை உள்ளே வைத்து மூடும் பிளாஸ்டிக் பெட்டியான ஹவுசிங்கும் இருந்தன. 58,000 ரூபாய்.

"கோப்ரோ சின்னப் பசங்க சாமான் சார், எல்லாம் நீலமா வரும்" என்றார் கடைக்காரர். பாதி உண்மை, அதுதான் வம்பே. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. 10 மீட்டருக்குக் கீழே சிவப்பு மீன்கூடச் சாம்பலாகத் தெரியும். ஆனால் அதற்கு மருந்து வெளிச்சம், பெரிய கேமரா இல்லை. அந்த ஹவுசிங்கில் வெளி ஃபிளாஷ் மாட்ட வழியே கிடையாது. அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. தண்ணீர் புகாமல் மூடியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்? "போன வாரம்தான் மாத்தினோம். 40 மீட்டர் தாங்கும்."

முதல் டைவுக்குக் கேமரா வைக்காத காலிப் பெட்டியை மட்டும் கொண்டுவரச் சொன்னார் இன்ஸ்ட்ரக்டர். நான் அவர் பேச்சைக் கேட்காமல் கேமராவோடே இறங்கினேன். 12 மீட்டரில் ஒரு கோமாளி மீனைப் படம் எடுக்கக் குனிந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. பதறி வேகமாக மேலே ஏறவும் முடியாது, அது உடம்புக்கு ஆபத்து. மெதுவாக வந்து, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடமும் லென்ஸ் வரைக்கும் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஸ்கிரீன் இரண்டு முறை மின்னி அணைந்தது.

அறைக்கு வந்து துடைத்தபோதுதான் தெரிந்தது: கீழ் மூலையில் முடி அளவு விரிசல், அதன் மேல் ஃபெவிக்விக் மாதிரி ஏதோ பசை. உப்புநீர் பட்டு அது வெள்ளைக் கோடாக வெளுத்திருந்தது. ஓ-ரிங்கும் தட்டையாகிப் போன பழசு.

கடையில் காட்டினேன். "தண்ணிக்குள்ள போன பொருளுக்கு வாரண்டி கிடையாது சார்." தண்ணீருக்குள் போவதற்கென்றே விற்ற பெட்டிக்கு! பில்லிலும் "கேமரா, உதிரி" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அந்தத் தாள் எனக்கு உதவவில்லை.

என்னைக் கேட்டால், தண்ணீருக்குள் ஏறாமல் இறங்காமல் மிதந்து நிற்பது இன்னும் கைவராத புது ஆளுக்குச் சின்ன ஆக்‌ஷன் கேமராவே போதும். ஆனால் அதையும் அப்படியே கொண்டுபோகாதீர்கள். ஹீரோ 13 பிளாக் மாதிரி கோப்ரோக்கள் தனியாக 10 மீட்டர்தான் தாங்கும். அந்தக் கம்பெனியின் டைவ் ஹவுசிங் போட்டால் 60. பழைய பெரிய செட்தான் வேண்டும் என்றால், கடையிலேயே ஓ-ரிங்கைக் கழற்றிப் பாருங்கள், நான்கு மூலையையும் டார்ச் அடித்துப் பாருங்கள், எத்தனை மீட்டர் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். அப்புறம் உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கலாம். வாளியில் ஆழ்கடல் அழுத்தம் வராது, அதனால் முதல் டைவுக்கும் காலியாகவே போக வேண்டும்.

என் பெட்டியை ஊர் திரும்பிய பிறகு வாளியில் போட்டேன். பத்து நிமிடத்தில் டிஷ்யூ ஊறிவிட்டது.