சிலிகா மேல் வெள்ளி: ஊட்டியில் எந்த வழி கைகொடுக்கும்?

மணலின் முக்கியப் பொருளான சிலிகாவின் தூள் மேல் வெள்ளி நானோதுகள்களைப் பதிக்க வழி தேடினேன். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2,240 மீட்டர் உயரம் செய்கிற வேலை அது. சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) போட்டுக் கொதிக்கவைத்து வெள்ளி நானோதுகள் எடுக்கும் வழியை அதனாலேயே முதலில் ஒதுக்கினேன். சமவெளிக்காரர்கள் எழுதிவைத்த நேரக்கணக்கு இங்கே அப்படியே ஒத்துவராது. மிச்சம் மூன்று.

சிலிகாத்தூளை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, உலையில் சுடுவது எளிது, மலிவு. ஆனால் நைட்ரேட் சிதைய 440 டிகிரி பக்கம் சூடு வேண்டும். சிலிகா வெள்ளியை இறுகப் பிடிக்காது. அந்தச் சூட்டில் துகள்கள் நகர்ந்து, ஒட்டி, பெருத்துவிடும்.

அடுத்தது டீத்தூள் டிக்காஷன். குன்னூர்ப் பக்கம் இருந்துகொண்டு இதை முயலாமல் இருக்க முடியுமா? தேயிலையின் பாலிபீனால்கள் வெள்ளி அயனியை ஒடுக்கி உலோக வெள்ளியாக்கும்; அதற்கென்று போரோஹைட்ரைடு என்ற ஒடுக்கியும் தேவையில்லை, ‘பசுமை முறை’ என்ற பெயரும் கிடைக்கும். சரி, தொல்லை எங்கே? பறிப்புக்குப் பறிப்பு இலை மாறும், துகளின் அளவும் மாறும். மிஞ்சும் கரிமப் படலம் வெள்ளியை மூடிக்கொள்ளும். வினையூக்கியாகப் பயன்படுத்த நினைப்பவருக்கு அது முட்டுக்கட்டை. போதாக்குறைக்கு, வெள்ளியின் ஒளி உறிஞ்சல் உச்சம் வரும் 400 நானோமீட்டர் பக்கத்திலேயே டிக்காஷனின் பழுப்பும் வந்து உட்காரும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. சிலிகாவில் அமினோசிலேனை (ஒரு முனை சிலிகாவோடு பிணையும், மறுமுனையில் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி உள்ள சேர்மம்) ஒட்டவைத்தால், அமீன் வெள்ளி அயனியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஐஸில் குளிர்வித்த போரோஹைட்ரைடை ஊற்ற, சட்டென்று வெள்ளி நானோதுகளின் மஞ்சள் நிறம் தட்டும். துகள்கள் சிறிதாக, பரவலாக நிற்கும். இதற்கும் ஒரு எதிரி உண்டு, நம் மூடுபனி. காற்றின் ஈரம் பட்டால் சிலேன் சிலிகாவை விட்டுவிட்டுத் தன்னோடு தானே பிணைந்து திரண்டுவிடும். கரைப்பானாக உலர்ந்த டொலுயீன், குடுவை வாயில் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு குழாய் இரண்டும் கட்டாயம். ஜூலை மழையில் இந்த வேலையைத் தொடாமலிருப்பதே நல்லது.

மஞ்சள் வந்ததும் துள்ளவேண்டாம். தாமிர மூலத்தின் எக்ஸ்கதிரைப் பாய்ச்சி, அது சிதறும் கோணங்களை அளக்கும் சோதனையில் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரிகளில் முகடு தெரிந்தால் உலோக வெள்ளி உண்டு. 22 டிகிரி பக்கம் தெரியும் அகன்ற மேடு சிலிகாவுடையது. துகள் மிகச் சிறிதானால் முகடுகள் அகன்று மங்கும்; வெள்ளி ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் மங்கிவிடும். முகடு இல்லை என்பதால் வெள்ளியே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பெரிய படிகங்களின் குரல்தான் எக்ஸ்கதிரில் ஓங்கி ஒலிக்கும். சின்னவற்றை எண்ண ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அதற்காக மாதிரியைக் கீழே சமவெளிக்கு அனுப்பும்போது பழுப்புப் பாட்டிலில் இறுக மூடி, ஈரம் படாமல் அனுப்புங்கள்.