சீனிக்கா, சூடோடைமா, பெர்டர்ப்-செக்கா: எந்த ஜீன் எதை ஆட்டிவைக்கிறது?

ஒற்றைச் செல் ஆர்என்ஏ தரவை (ஒவ்வொரு செல்லிலும் எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்ற அளவு) வைத்து எந்த ஜீன் எதைக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்ல மூன்று வழி இருக்கிறது: சீனிக், சூடோடைம், பெர்டர்ப்-செக். மூன்றையும் விடை தெரிந்த ஒரு கணக்கில் உரசிப் பார்க்கலாம். சிவப்பணு உருவாகும்போது கேட்டா2 என்ற ஜீன் அடங்கி, அதே குடும்பத்து கேட்டா1 ஏறும். கேட்டா1 புரதமே கேட்டா2 ஜீனில் போய் உட்கார்ந்து அதை அணைக்கிறது.

சீனிக் (2017) பலருக்கும் முதல் தேர்வு, புதுச் சோதனை எதுவும் வேண்டாம் பாருங்கள். உள்ளே ஜீனி3 அல்லது ஜிஆர்என்பூஸ்ட்2 என்ற அல்காரிதம் ஓடும்: எந்த டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டரின் (மற்ற ஜீன்களை ஏற்றி இறக்கும் புரதம், கேட்டா1 மாதிரி) அளவை வைத்து இன்னொரு ஜீனின் அளவை ஊகிக்க முடிகிறது என்று பார்க்கும். எது எதை ஆட்டுகிறது என்ற அம்புக்குறியின் திசை தரவிலிருந்து வருவதே இல்லை, நாம் கொடுக்கும் ஃபேக்டர் பட்டியலிலிருந்துதான் வருகிறது. அப்புறம் மோட்டிஃப் (ஃபேக்டர் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ எழுத்துத் தொடர்) வைத்து வடிகட்டும், ஆனால் கேட்டா குடும்பமே ஏறக்குறைய ஒரே மோட்டிஃபைப் பிடிப்பதால் கேட்டா1, கேட்டா2 இரண்டையும் பிரிக்க அது உதவாது. அதைவிட மோசம், வழக்கமான அமைப்பில் சேர்ந்து ஏறும் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொள்ளும். நம் கணக்கில் இருப்பது அணைக்கிற உறவு, அது வாசலிலேயே நின்றுவிடும்.

சூடோடைம் முறைகள் காலத்தைக் கொண்டுவருவதாகச் சொல்கின்றன. எனக்கு நம்பிக்கை குறைவு. அளக்கும்போதே செல் செத்துவிடுகிறது. வெவ்வேறு செல்களை வரிசையில் நிறுத்தி அதைக் காலம் என்கிறோம். 2020இல் இப்படி ஜீன் உறவுகளை ஊகிக்கும் 12 முறைகளைச் சோதித்த பீலைன் என்ற ஒப்பீட்டிலும், சூடோடைம் கேட்காத முறைகளே பொதுவாகத் தேறின.

பெர்டர்ப்-செக் (2016) வேறு ரகம். கிரிஸ்பர் என்ற ஜீன் திருத்தும் கருவியால் ஒரு ஜீனை நாமே அடக்கிவிட்டு மற்றவை என்ன ஆகின்றன என்று பார்ப்பதால் திசையைப் பற்றிச் சண்டையே இல்லை. கேட்டா கணக்கின் விடையும் இப்படித் தலையிட்டுக் கிடைத்ததுதான்: கேட்டா1 இல்லாத எலிச் செல்லில் கேட்டா2 உயர்ந்திருக்கும், கேட்டா1ஐத் திரும்பக் கொடுத்தால் இறங்கும். 2022இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட செல்களில், கே562 (ஆய்வகத்தில் வளர்க்கும் ரத்தப் புற்றுநோய்ச் செல்) உள்ளிட்ட செல் வகைகளைக் கொண்டு, பெரிய அளவில் இதைச் செய்துவிட்டார்கள். குறையும் உண்டு. செலவு அதிகம், கே562இல் பி53 (புற்றுநோயைத் தடுக்கும் ஜீன்) வேலை செய்யாது, நேரடி விளைவையும் சங்கிலி விளைவையும் பிரிக்க சிப்-செக் (புரதம் டிஎன்ஏவில் எங்கே உட்காருகிறது என்று காட்டும் சோதனை) மாதிரி ஒன்று கூடவே வேண்டும்.

இன்னொரு வேடிக்கை: காசல்பெஞ்ச் என்ற ஒப்பீட்டில், ஜீனை அடக்கிக் கிடைத்த தலையீட்டுத் தரவைப் பயன்படுத்தும், அதுவரை இருந்த அல்காரிதங்கள் அதைத் தொடாதவற்றை வெல்லவில்லை. அதனால் நான் செய்வது இதுதான்: சீனிக் கொடுக்கும் பட்டியலில் சில ஃபேக்டர்களை மட்டும் பொறுக்கி அடக்கி, அடக்கிய செல்லையும் அடக்காத செல்லையும் சாதாரணமாக ஒப்பிடுவது.