நட்சத்திரமா, ஊர்க்காரர் எழுத்தா?

புது ஊரில் பசித்தால் கை முதலில் கூகுள் மேப்ஸுக்குத்தான் போகிறது. 4.3 என்று காட்டினால் நுழைந்துவிடுகிறோம். கடை திறந்திருக்கிறதா, வண்டி நிறுத்த இடமுண்டா, கழிப்பறை சுத்தமா என்று தெரிந்துகொள்ள இந்தக் கூட்டுக் கணக்கு போதும்.

ருசிக்கு அது போதாது. பார்சல் தாமதமானதற்காக ஒற்றை நட்சத்திரம் போட்டவரும், பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டு ஐந்து போட்டவரும் அந்தச் சராசரியில் சமம்.

இங்கேதான் ஊர்க்காரர் ஒருவர் பொறுமையாக எழுதும் விமர்சனத்தை நான் நம்புகிறேன். திண்டுக்கல் பிரியாணி என்றால் சீரகச் சம்பா குழையாமல் இருந்ததா, மிளகுக் காரம் தெரிந்ததா என்று சொல்வார். ஆம்பூர் என்றால் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதின் நிறம், கூட வந்த கத்திரிக்காயின் புளிப்பு. மதியம் தம் உடைத்ததும் சாப்பிட்டாரா, மூன்று மணிக்கு அடிச்சட்டியைச் சாப்பிட்டாரா என்பதையும் எழுதினால் அவர் நம் ஆள். "சூப்பர், வேற லெவல்" என்று மட்டும் எழுதுபவரிடம் எடுத்துக்கொள்ள எதுவுமில்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் பார்ப்பேன்: பில்லை யார் கட்டியது? 1926 முதல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷெலின் கையேட்டின் ஆய்வாளர்கள் தம்மைக் காட்டிக்கொள்ளாமல் சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கடை அழைத்து விருந்து வைத்தால், அதைச் சொல்லிவிட்டு எழுதட்டும்.

நெடுஞ்சாலைப் பயணத்தில் அவசரத்துக்கு நட்சத்திரம் சரி. ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவை அழைத்துப் போக, எனக்கு எழுத்துதான்.