மாதத் தாக்கலா, காலாண்டுத் தாக்கலா?

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத கடைக்காரர் ஜிஎஸ்டி கணக்கை மாதந்தோறும் தாக்கல் செய்யலாம். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த காலாண்டுத் திட்டத்திலும் சேரலாம்.

மாத முறையில் விற்பனை விவரம் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரியோடு கூடிய 3பி படிவம் 20-ஆம் தேதிக்குள்ளும் போக வேண்டும். ஆண்டுக்கு 24 படிவங்கள் என்பது தலைவலிதான். காலாண்டு முறையில் அது எட்டாகக் குறைகிறது. ஆனால் வரி காத்திருப்பதில்லை: காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கும் அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் சலான் மூலம் பணம் கட்டியே ஆக வேண்டும். இதை மறந்து வட்டி கட்டுபவர்கள் குறைவல்லர்.

வாங்குபவர் யார் என்பதே இங்கே முக்கியமானது. மளிகைக் கடையில் சில்லறைக்கு வாங்குபவர் வரிக்கழிவு, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, கேட்பதில்லை. ஹார்டுவேர் கடையில் பில் போட்டு வாங்கும் ஒப்பந்ததாரரோ, தம் கணக்கில் அந்தப் பில் ஏறவில்லையென்றால் மறுவாரமே தொலைபேசியில் அழைத்துவிடுவார். அவருக்காக 13-ஆம் தேதிக்குள் பில்களை மட்டும் முன்கூட்டியே ஏற்றும் வசதி காலாண்டுத் திட்டத்திலும் உண்டு. ஆனால் மாதந்தோறும் அதைச் செய்பவருக்கு மிச்சமாகும் வேலை சொற்பமே.

கம்பியில் குத்திய கொள்முதல் பில்கள் மூன்று மாதம் கிடந்தால், வெப்பத்தாளில் அச்சான எழுத்து மங்கிவிடும். அன்றன்று பதிவு செய்யும் பழக்கமில்லாதவருக்கு மாத முறையே பாதுகாப்பானது என்பேன். சில்லறை வியாபாரமும் ஒழுங்கான பேரேடும் உடையவர் தயங்காமல் காலாண்டுக்கு மாறலாம்.