தரமணி டைடல் பார்க்: பெரிய கம்பெனிக்கு ஏற்ற இடமா?

எண்ணூறு பேருக்கு ஆபீஸ் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. சென்னையின் ஐ.டி. அலுவலக வளாகமான டைடல் பார்க் திறந்தது 2000-ல். பளபளப்பில் புதுக் கட்டடங்கள் முந்திவிடும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம் நடக்கிற தூரம். மயிலாப்பூர், திருவல்லிக்கேணியிலிருந்து வருகிற பிள்ளைகள் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) நெரிசலில் நிற்க வேண்டாம். இதைவிடப் பெரிய வசதி எனக்குத் தெரியவில்லை. தளங்களும் அகலம், ஒரு டீமைப் பிரித்துப் போட வேண்டியதில்லை.

தெற்கே வேறொரு கட்டடத்தில் சதுர அடி வாடகை குறைவு என்றார்கள். டேப் பிடித்து அளந்தோம். லாபி, லிஃப்ட், படிக்கட்டு எல்லாம் சேர்ந்த சூப்பர் பில்ட்-அப் கணக்கு அது! மேஜை போட மிஞ்சும் கார்ப்பெட் ஏரியாவுக்கு வகுத்தால் வாடகை எகிறியது. எங்கே போனாலும் கார்ப்பெட் ஏரியாவை எழுத்தில் வாங்குங்கள். ஜெனரேட்டர், பார்க்கிங் கட்டணத்தையும் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.