டிராக்கை எடுத்த ஸ்டுட்கார்ட், விட்டுவைத்த பெர்லின்

போன இலையுதிர் காலத்தில் மச்சான் பத்து நாள் லீவில் ஜெர்மனிக்கு வந்திருந்தார். கோட்டை, மியூசியம் எதிலும் அவருக்கு ஆர்வமில்லை. "மாப்ளே, நல்ல ஸ்டேடியமா பார்த்து ஒரே ஒரு மேட்ச் காட்டுங்க, போதும்" என்றார். கையில் இருந்ததோ ஒரே ஒரு சனிக்கிழமை. நான் முன்பு நாலு வருஷம் பெர்லினில் இருந்தவன், இப்போது ஸ்டுட்கார்ட்வாசி. இரண்டு ஊர் ஸ்டேடியமும் பழக்கம் என்பதால் முடிவை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்டுட்கார்டையே சொன்னேன். வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகச் சொல்லவில்லை என்று மனைவியிடம் விளக்கினேன். அவள் நம்பவில்லை.

பெயர், பிரம்மாண்டம் என்று பார்த்தால் இது போட்டியே இல்லை, பெர்லின் ஒலிம்பிக் ஸ்டேடியம்தான். அங்கே ஏறத்தாழ 74,000 பேர் உட்காரலாம், ஸ்டுட்கார்டில் 60,000 பேர். 1936-ல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நாலு தங்கம் வென்றது, 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடான் தலையால் முட்டியது, 2024 யூரோ இறுதி எல்லாம் பெர்லினில்தான். ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டமும் 1985 முதல் வருஷா வருஷம் அங்கேதான் நடக்கிறது. 2025-ல் எங்கள் வி.எஃப்.பி. ஸ்டுட்கார்ட் பீலஃபெல்டை 4-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியதும் அந்தப் புல்லில்தான். அந்தப் பெருமைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் இரண்டும் பிறந்த காலமும் வளர்ந்த விதமும் கிட்டத்தட்ட ஒன்று. ஸ்டுட்கார்டில் நெக்கார் ஆற்றங்கரைப் பக்கம், பாட் கான்ஸ்டாட்டில், பால் போனாட்ஸ் வடிவமைத்த ஸ்டேடியம் 1933-ல் திறக்கப்பட்டது. திறந்த கையோடு ஹிட்லரின் பெயரையும் வைத்தார்கள். போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் அதை எடுத்துக்கொண்டு வேறு பெயர் சூட்டினார்கள். அப்புறம்தான் அது நெக்கார் ஸ்டேடியம் ஆனது. போருக்குப் பிந்தைய ஜெர்மன் அணியின் முதல் சர்வதேச ஆட்டம் 1950 நவம்பர் 22-ல் சுவிட்சர்லாந்துக்கு எதிராக இங்கே நடந்தது, ஒரு லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். அதற்குப் பிறகும் பெயர் மாறாமல் இல்லை. காட்லீப் டைம்லர், மெர்சிடிஸ் பென்ஸ், 2023 முதல் எம்.எச்.பி. அரேனா. ஊர்க்காரர்களில் பாதிப்பேர் இன்னும் நெக்கார் ஸ்டேடியம் என்றே சொல்கிறார்கள்.

பெர்லின் கதை கொஞ்சம் பரம்பரைச் சொத்து மாதிரி. 1916 ஒலிம்பிக்குக்காக ஆட்டோ மார்ச் என்ற கட்டடக் கலைஞர் 1913-லேயே ஒரு ஸ்டேடியம் கட்டி முடித்துவிட்டார். உலகப் போர் வந்து அந்த ஒலிம்பிக் நடக்கவே இல்லை. அதே இடத்தில் 1936-க்கான ஸ்டேடியத்தைக் கட்டியவர் அவருடைய மகன் வெர்னர் மார்ச். பள்ளம் தோண்டி மைதானத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கியிருப்பதால், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குக் கட்டடத்தின் உண்மையான உயரம் தெரியாது. உள்ளே போனதும் தெரியும். அதே வளாகத்தில் இருந்த ஹாக்கி மைதானத்தில்தான் 1936 ஆகஸ்ட் 15 அன்று தியான் சந்தின் இந்திய அணி ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் துவைத்தது. ஆகஸ்ட் 15! மச்சானுக்குச் சொன்னபோது நான் எதிர்பார்த்த வியப்பு கிடைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டுமே கால்பந்தும் தடகளமும் ஒரே இடத்தில் நடத்தக் கட்டியவை. புதுப்பிக்கும் நேரம் வந்தபோதுதான் வழி பிரிந்தது. பெர்லினில் 2000-லிருந்து 2004 வரை 242 மில்லியன் யூரோ செலவழித்து, மைதானத்தைச் சுற்றி ஓடும் தடகள டிராக்கை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஸ்டுட்கார்டில் 2009-லிருந்து 2011-க்குள் டிராக்கைப் பெயர்த்தெடுத்துவிட்டு, கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்த இரண்டு வளைவு கேலரிகளையும் இடித்து மைதானத்தின் ஓரத்திலேயே புதிதாகக் கட்டினார்கள்.

டிராக் இருந்தால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் புரியும். தரப்படுத்திய 400 மீட்டர் ஓடுதளத்தின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். உள்ளே இருக்கும் கால்பந்து மைதானம் 105-க்கு 68 மீட்டர். பக்கவாட்டில் பெரிய நஷ்டம் இல்லை. எல்லைக்கோட்டிலிருந்து இரண்டரை மீட்டரில் ஓடுதளம் ஆரம்பம், ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் அகலத்தில் எட்டுத் தடங்கள், ஆக மொத்தம் பன்னிரண்டு மீட்டர் சொச்சம். கோல் கம்பத்துக்குப் பின்னால் போனால்தான் வயிறு எரியும். மைதானம் நேர்ப்பகுதியைத் தாண்டி ஒரு பத்து மீட்டர்தான் வளைவுக்குள் நீள்கிறது. அங்கிருந்து வளைவின் உச்சி 26 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதோடு எட்டுத் தடங்களையும் கூட்டினால் 36 மீட்டர். கேலரியின் முதல் வரிசையே அதற்குப் பிறகுதான் தொடங்க முடியும். எந்த ஊராக இருந்தாலும், எவ்வளவு பெரிய கட்டடக் கலைஞராக இருந்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

அந்த வளைவில் உட்காருகிறவர்கள் யார்? டிக்கெட் விலை குறைந்த இடம் அதுதான். கொடி, மேளம், தொண்ணூறு நிமிஷமும் பாட்டு என்று தொண்டை கிழியக் கத்தும் கூட்டம் அங்கேதான் நிற்கும். பெர்லினில் அந்த ஊர் கால்பந்து கிளப்பான ஹெர்த்தாவின் ரசிகர்களுடைய கிழக்கு வளைவு, இங்கே கான்ஸ்டாட் வளைவு. அணிக்கு உயிர் கொடுக்கிறவர்களை மைதானத்திலிருந்து ரொம்ப தூரத்தில் தள்ளி வைப்பதுதான் டிராக்கின் வேலை. பெர்லினில் இதைச் சரிக்கட்ட மைதானத்தை இன்னும் 2.65 மீட்டர் ஆழப்படுத்தி, கீழ் அடுக்கைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்தார்கள். பார்வைக் கோணம் நன்றாகவே ஆனது. ஆனால் டிராக் இருக்கும் வரை ஓர் அளவுக்கு மேல் யாரும் கிட்டே வர முடியாது. ஸ்டுட்கார்டில் அந்த இடைவெளியே போய்விட்டது. கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரரைத் திட்டுவது காதில் விழுகிறது. வேடிக்கை என்னவென்றால், இப்போது நேர்க்கோடாக இருக்கும் அந்த கேலரியை இன்னும் எல்லோரும் 'வளைவு' என்றுதான் அழைக்கிறார்கள்.

ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். பெர்லினில் நான் பெரும்பாலும் கீழ் அடுக்கில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மேல் அடுக்கிலிருந்து பார்க்கும்போது வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம்.

இன்னொன்று, பெர்லினுக்கு இதில் சுதந்திரம் இருந்ததா என்றால் இல்லை. அது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம், இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. மேற்குப் பக்கம் மாரத்தான் வாயில் என்று ஒரு பெரிய திறப்பு இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது என்பதால் கூரையைக்கூட முழு வட்டமாகப் போட முடியவில்லை. வட்டம் மூடாத கூரைக்குத் தாங்கல் வேண்டும். அதனால் மேல் அடுக்கில் மரம் கிளைவிட்ட மாதிரி இருபது மெல்லிய தூண்கள் நிற்கின்றன. ஸ்டுட்கார்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1993-ல் போட்ட கூரை சைக்கிள் சக்கரம் மாதிரி, வெளி வளையத்துக்கும் உள் வளையத்துக்கும் நடுவே கம்பி வடங்கள் இழுத்துப் பிடிக்க, மேலே துணி போன்ற சவ்வு. கேலரி முன்னே வந்தபோது கூரையையும் உள்பக்கமாக நீட்டிக்கொண்டார்கள். புதுப் பக்கத்து கேலரிக்கு அடியில் ஒரு உள்ளரங்கத்தையும் கட்டிச் செருகிவிட்டார்கள், அங்கே பெண்கள் வாலிபால் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. ஆக, பல்நோக்கு என்பது ஸ்டுட்கார்டிலும் முழுசாகச் செத்துவிடவில்லை, கேலரிக்கு அடியில் போய்விட்டது.

டிராக்கை எடுத்ததில் ஸ்டுட்கார்டுக்கு இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1986 ஐரோப்பிய தடகளப் போட்டியில் சோவியத் வீரர் யூரி செதிக் 86.74 மீட்டர் சங்கிலிக்குண்டு எறிந்தது இந்த மைதானத்தில்தான். அந்த உலக சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. 1993 உலகப் போட்டியில் காலின் ஜாக்சன் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை 12.91 வினாடியில் முடித்ததும் இங்கேதான். அந்த டிராக் இருந்த இடத்தில் இப்போது நாற்காலிகள். பெர்லினிலோ 2009-ல் உசேன் போல்ட் 9.58, 19.19 என்று ஒரே வாரத்தில் இரண்டு சாதனை படைத்த நீல டிராக் அப்படியே இருக்கிறது, 2018 ஐரோப்பியப் போட்டியும் அதில் நடந்தது. ஆண்டுக்கு ஒருமுறை இஸ்டாஃப் என்ற தடகளப் போட்டியும் நடக்கும். ஆனால் லீகில் மட்டும் ஒரு பருவத்துக்குப் பதினேழு உள்ளூர் ஆட்டங்கள். ஒரு நாள் விருந்தாளிக்காகப் பதினேழு நாள் வீட்டுக்காரர் திண்ணையில் படுக்க வேண்டுமா? தடகளப் போட்டி எதையும் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பார்த்தவர்களின் பதில் வேறாக இருக்கக்கூடும்.

மூன்றாவதாக மியூனிக் வழியும் உண்டு. 1972 ஒலிம்பிக் ஸ்டேடியத்தின் கூடாரக் கூரையில் கை வைக்காமல், 2001-ல் பொது வாக்கெடுப்பு நடத்தி, மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க, ஊர் ஓரத்தில் தனிக் கால்பந்து ஸ்டேடியம் கட்டினார்கள். 2005-ல் கால்பந்து அங்கே போய்விட்டது. பழையது கச்சேரிகளையும் சுற்றுலாவையும் நம்பிக் காலம் தள்ளுகிறது, எப்போதாவது 2022 ஐரோப்பியப் போட்டிகள் மாதிரி ஒன்று வரும். ஹெர்த்தாவும் பல வருஷமாகத் தனி ஸ்டேடியம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது நடந்தால் பெர்லின் ஸ்டேடியத்தின் பராமரிப்புச் செலவை யார் சுமப்பது என்பது பெரிய கேள்வி. ஸ்டுட்கார்டுக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே ஆள் வீட்டைவிட்டுப் போகவில்லை, வீட்டையே ஆளுக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தைத்துவிட்டார்கள்.

மச்சான் மேட்ச்சை ரசித்தார். தெரியாத பாட்டுக்கெல்லாம் வாயசைத்தார். இடைவேளையில் வாங்கிவந்த சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டிராக் எங்க மாப்ளே?" என்றார். காலேஜில் 400 மீட்டர் ஓடியவர் அவர், எனக்கு மறந்தே போயிருந்தது. எடுத்துவிட்டார்கள் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தனியாக ரயில் ஏறிப் பெர்லினுக்குப் போனார். ஆட்டம் இல்லாத நாள், காலி ஸ்டேடியத்தைச் சுற்றிக்காட்டும் டூர் மட்டும்தான். மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. முழுக்க நீலம், வெள்ளைக் கோடுகள், ஓரத்தில்கூடப் புல் தெரியவில்லை. கூடவே ஒரு கேள்வி: "போல்ட் ஓடி முடிச்ச கோடு எந்தப் பக்கம் மாப்ளே?"

நாலு வருஷம் அந்த ஸ்டேடியத்துக்குப் போய் வந்தவன் நான். சொல்லத் தெரியவில்லை.