வெள்ளீயமா, ஆண்டிமனியா, தாளுறையா? பழைய ரைஃபிள்களின் வார்ப்புக் குண்டுகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் பழைய ரைஃபிள்களில் ஆர்வமுள்ளவர்கள் கூடிப் பேசினால், ஈயக் குண்டு எவ்வளவு கடினமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகச் சுடும் என்ற கருத்து எப்படியும் ஒருமுறை தலைகாட்டிவிடும். பித்தளை உறைத் தோட்டாக்கள் புழக்கத்துக்கு வந்த காலத்து ரைஃபிள்களைப் பொறுத்தவரை இந்தக் கருத்து பாதிக்குப் பாதி தவறு. மென்மையான ஈயத்தைத் தாளில் சுற்றிய குண்டு, வெள்ளீயம் கலந்து பக்கவாட்டுப் பள்ளங்களில் மெழுகு நிரப்பிய குண்டு, ஈயத்தைக் கடினமாக்கும் ஆண்டிமனி உலோகம் கலந்து அடியில் செப்புக் கிண்ணம் பொருத்திய குண்டு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குழலுக்குள் குண்டு எவ்வளவு நெருக்கமாக அமர்கிறது என்பதே முதற்கேள்வி என்றும், கடினம் அதற்கு அடுத்த கேள்விதான் என்றும் தெரியவரும்.

சட்டநிலையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வேட்டையோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துபோன கதை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளின் ஒரு பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் அடங்குகிறது. எனவே இக்கட்டுரை உலோகத்தையும் குண்டின் அமைப்பையும் பற்றியது. வெடிமருந்தின் அளவுகளுக்கு இதில் இடமில்லை.

பொருத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நம் ஊர் வரலாற்றிலிருந்தே விளக்கலாம். 1791-இல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கிய கம்பெனிப் படையினரின் மஸ்கெட் துப்பாக்கிகளுக்குக் குழலின் துளை ஏறத்தாழ முக்கால் அங்குலம். உள்ளே போட்ட உருண்டையோ அதைவிடத் தெளிவாகச் சிறியது. புகைக்கரி படிந்த குழலிலும் உருண்டை தடையின்றி இறங்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. அதற்கு விலையாகக் குறி தவறியது. இந்த முரணை, துப்பாக்கி வெடிக்கும்போது குண்டையே விரியச் செய்வதன் மூலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு தீர்த்தது. 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்ட் ரைஃபிளின் குண்டு தூய ஈயத்தால் ஆனது, அடிப்பகுதி குழிவானது. சிறியதாக உள்ளே சென்று, வாயு அழுத்தத்தில் விரிந்து, குழலின் உட்சுவரில் சுழலாக வெட்டிய திருகுப் பள்ளங்களைக் கவ்விக்கொண்டு வெளியேறும். 1857-இல் பெரும் கொந்தளிப்பைக் கிளப்பிய கொழுப்புத் தடவிய தாள் தோட்டா இதே துப்பாக்கிக்கு உரியதுதான்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். புகை கக்கும் பழைய வெடிமருந்தான கருமருந்தின் காலத்துக்கு முழுமையான எடுத்துக்காட்டு, 1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள். அதன் குண்டு 480 கிரெயின், அதாவது ஏறத்தாழ 31 கிராம். பன்னிரண்டு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து வார்த்து, மேலே தாள் சுற்றப்பட்டது. தாளுறையின் நுட்பம் எளிமையானது: குண்டு குழல் பள்ளங்களின் அளவை எட்டாமல் சிறியதாக வார்க்கப்படுகிறது, தாளின் சுற்றுகள் மீதித் தடிமனைத் தருகின்றன. ஈயம் இரும்பைத் தொடுவதே இல்லை என்பதால் குழலில் ஈயம் ஒட்டுவதில்லை. வாயைக் கடந்ததும் தாள் கிழிந்து உதிர்ந்துவிடுகிறது. குழல் நிலையில் சிறு வேறுபாடு இருந்தாலும் ஒரு சுற்றைக் கூட்டியோ மெல்லிய தாளை எடுத்தோ சரிசெய்துவிடலாம் என்பது இந்த முறையின் உண்மையான வலிமை. ஒவ்வொன்றையும் கையால் சுற்ற வேண்டும் என்பதும், நனைந்த தாள் உலரக் காத்திருக்க வேண்டும் என்பதும் இதன் குறை. பொறுமையில்லாதவர் இதைத் தொடாமலிருப்பதே மேல்.

மெழுகுப் பள்ளக் குண்டு வேலையைக் குறைக்கிறது. பக்கவாட்டுப் பள்ளங்களில் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்து நிரப்பினால் போதும். மெழுகு வழுக்கலுக்கு மட்டும் உதவுவதில்லை. கருமருந்தின் கரியை இளக்கமாக வைத்திருப்பதும் அதன் வேலை. தருமபுரியின் சித்திரை, வைகாசி வெயிலைப் போன்ற வறண்ட காற்றில் அந்தக் கரி ஓடுபோல் இறுகிவிடும். அப்போது மெழுகு போதாத குண்டு சில சுடுகளுக்குள்ளேயே குறியை இழக்கும். கொழுப்பைக் கூட்டினால் இளக்கம் கிடைக்கும், ஆனால் அதே வெயிலில் பெட்டிக்குள் இருக்கும் தோட்டாவில் அது உருகி மருந்தை நனைத்துக் கெடுத்துவிடும். நம் பருவநிலையில் தேன்மெழுகின் பங்கு மிகுந்திருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஆண்டிமனிக் குண்டின் கதை வேறு. 1880-களில் புகையில்லா மருந்து வந்தபோது குண்டின் வேகம் கணிசமாகக் கூடியது. வெறும் ஈயம் திருகுப் பள்ளங்களைப் பிடிக்க முடியாமல் வழுக்கி உரிந்தது. 0.303 அங்குலத் துளை கொண்ட 1888-இன் பிரிட்டிஷ் .303, முதலில் கருமருந்தோடு வந்தபோதும், தொடக்கத்திலேயே உலோக உறையிட்ட 215 கிரெயின் குண்டுடன் பிறந்தது. இப்படிப்பட்ட ரைஃபிளுக்கு வார்ப்புக் குண்டு வேண்டுமானால், ஆண்டிமனி கலந்த கடின உலோகமும் அடியில் சூடான வாயுவைத் தடுக்கும் செப்புக் கிண்ணமும் இல்லாமல் முடியாது. இருந்தாலும் உறைக்குண்டின் முழு வேகத்தை எதிர்பார்க்கக்கூடாது. அஞ்செட்டி, ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்திய .405 வின்செஸ்டரும் இந்தப் புகையில்லா மருந்துத் தலைமுறையைச் சேர்ந்ததே. அதன் 300 கிரெயின் குண்டும் உறையிட்டதுதான். .303 நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட துளையளவு என்பதால், உரிமக்காரர் வாங்கக்கூடியது மேற்கு வங்கத்து இச்சாப்பூர் ஆலையில் தயாராகும் .315, அதற்கும் ஆலை தருவது 244 கிரெயின் உறைக்குண்டு.

கடினமே நல்லது என்ற நம்பிக்கை தடுமாறுவது, இந்தக் கடினக் குண்டை மார்ட்டினிக்குள் நுழைக்கும்போதுதான். கருமருந்தின் அழுத்தம் குறைவு. உலோகக் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவுகோலில் தூய ஈயம் ஏறத்தாழ 5 என்றால், அச்சு எழுத்து வார்க்கப் பயன்பட்ட, ஆண்டிமனி மிகுந்த லைனோடைப் உலோகம் 22. குறைந்த அழுத்தம் அந்தக் கடின உலோகத்தை விரியச் செய்யாது. குண்டு நூலிழையளவு சிறியதாக இருந்தாலும் பக்கவாட்டில் வாயு சீறிப் பாய்ந்து ஓரத்தை உருக்கிக் குழல் முழுக்க ஈயத்தை அப்பிவிடும். குழலில் ஈயம் படிந்ததைப் பார்த்தவர் 'உலோகம் மென்மையாக இருந்துவிட்டது' என்று முடிவுகட்டி இன்னும் ஆண்டிமனியைச் சேர்ப்பார். நிலைமை இன்னும் மோசமாகும். குண்டை அளந்து, குழலையும் அளந்து, அளவு சரியான பிறகே கடினத்தைப் பற்றி யோசிப்பதுதான் முறை. பழைய .303 குழல்கள் ஒன்றுக்கொன்று பள்ள அளவில் கணிசமாக வேறுபடுகின்றன. அங்கே வார்ப்புக் குண்டு உறைக்குண்டை விஞ்சக்கூடிய ஒரே இடம், தேய்ந்த குழலுக்கேற்பப் பெரிய அளவில் வார்த்துக்கொள்ள முடியும் என்பதுதான்.

ஒரே அச்சில் வார்த்தாலும் உலோகத்துக்கேற்ப எடையும் அளவும் மாறுவதைப் பலர் கவனிப்பதில்லை. லைனோடைப் குண்டு தூய ஈயக் குண்டைவிட எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். விட்டத்தில் கொஞ்சம் கூடும். ஆண்டிமனிக் கலவை வார்த்த பின் நாள்பட இன்னும் கடினமாகும். வெள்ளீயக் கலவை அப்படி ஆவதில்லை, சிறிது இளகவும் செய்யும். வெள்ளீயம் உருகிய உலோகத்தை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடச் செய்வதால் குண்டு கூர்மையாக வார்படும். அதன் விலை மட்டுமே அதற்கு எதிரான வாதம்.

உலோகம் கிடைக்கும் இடத்தைப் பொறுத்தும் தேர்வு மாறுகிறது. மூடப்பட்ட அச்சகங்களின் பழைய ஈய எழுத்துகள் காயலான் கடைகளுக்கு வந்தால், அவற்றில் ஆண்டிமனியும் வெள்ளீயமும் மிகுதி. அப்படியே பயன்படுத்தாமல் மென்மையான ஈயத்தோடு கலப்பதற்கே அவை ஏற்றவை. வண்டிச் சக்கரங்களைச் சமன்செய்யும் ஈய எடைகளில் துத்தநாகம் கலந்துவிடும் ஆபத்து உண்டு. ஈயம் 327 பாகை செல்சியஸில் உருக, துத்தநாகம் 419 பாகையில்தான் உருகும் என்பதால், சூட்டைக் கட்டுக்குள் வைத்தால் அது மிதந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். பழைய பேட்டரித் தகடுகளை மட்டும் எவரும் தொடக்கூடாது. அவற்றில் ஆண்டிமனி, ஆர்சனிக்கோடு கால்சியமும் இருக்கக்கூடும் என்பதால், உருக்கும்போதும் கசடைக் கையாளும்போதும் நச்சு வாயு கிளம்பும். விலை மலிவு என்று யார் கொடுத்தாலும் அந்த ஈயம் வேண்டாம்.